வருநீரும் கழிநீரும்

(சங்கத்துத் திருமண மண்டபத்தில் நடைபெற்ற திங்கட் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இத்திங்கட் கூட்டத்தில் "இலக்கியத்தில் விருந்தோம்பல்" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் எனக்குக் கட்டளையிட்டிருந்தார்கள். யான் அப்பொருளைச் சிறிது மாற்றிக்கொள்ள இசைவு வேண்டினேன். அவர்களும் பெருந்தன்மையுடன் இசைந்தார்கள். விருந்தைப்பற்றிப் பேசுதல் செவிக்கு இனிது. விருந்துண்டார் கைகழுவிய நீர் எங்கே சென்றது என்று வினவுதல் இனிதன்று. ஆயினும் தமிழ் கற்பிப்பவன் இனியது ஒன்றையே கூறித் திரிவானாயின் அவன் கற்ற கல்வியால் ஊர்க்குப் பயனில்லை. ஆதலின் இன்று கழிநீரைப்பற்றிச் சில சொல்லத் துணிகின்றேன். குற்றமுளதாயின் பொறுத்தருள வேண்டும்.

நம் இராமநாதபுரச் சீமை நீர்வறட்சிக்குப் பெயர்போனது. ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை. அதிற் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகைத் திங்கள்களிலேயே பெய்து தீர்ந்துவிடும். வையையோ இராமநாதபுரம் பெரிய கண்மாயை அடைவதற்குள் மெலிந்துவிடுகின்றது. இத்தகைய நிலத்தில் வாழ்ந்த நம் முன்னோர் ஊர்தோறும் ஊருணி வெட்டினர், கண்மாய் கட்டினர். கடற்கரைச் சிற்றூர்களிலே நம் பாட்டிமார் மணலைத் தோண்டி ஊற்றெடுத்து, சிரட்டையால் முகந்து முகந்து குடத்தை நிரப்பினார்கள். ஒரு குடத்துக்கு ஒரு நாழிகை காத்திருந்தவர்கள் இவ்வவையிலேயே இருக்கின்றார்கள்.

அவ்வாறு வந்த நீரை அவர்கள் எவ்வாறு செலவிட்டார்கள்? அரிசி கழுவிய நீர் மாட்டுத் தொட்டிக்குச் சென்றது. பாத்திரம் கழுவிய நீர் முருங்கைக்குச் சென்றது. குளித்த நீர் வாழைக்குச் சென்றது. ஒரு குடம் நீர் இரண்டு மூன்று பணிகளைச் செய்தபின்னரே மண்ணிற் சேர்ந்தது. ஆகலின் நம் ஊர்களுக்குச் சாக்கடை என்பது தேவைப்படவில்லை. நம் முன்னோர்க்குச் சாக்கடை கட்டத் தெரியாது என்பதன்று. கழிப்பதற்கு அவர்களிடத்தில் நீர் இருந்ததில்லை என்பதே உண்மை.

நிற்க. இன்று நிலைமை மாறிவிட்டது. திருச்சிராப்பள்ளியின் அருகே காவிரியினின்று எடுக்கப்பெறும் நீர், கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய்களின் வழியே நம் மாவட்டத்துக்கு வருகின்றது. 2019-ஆம் ஆண்டில் நடுவண் அரசு தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கம், நாட்டுப்புறத்து ஒவ்வொரு வீட்டுக்கும் குழாய் இணைப்பும், ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீரும் என்று அளவு வகுத்தது. எல்லா ஊர்க்கும் அவ்வளவு நீர் நாள்தோறும் வருகின்றது என்று யான் கூறேன். குழாய் வறண்ட நாளில் லாரித் தண்ணீர் வாங்குகின்றோம். எவ்வழியாயினும் நம் பாட்டிமார் காலத்தினும் பன்மடங்கு நீர் இன்று வீட்டுக்குள் வருகின்றது. இது பெரும்பேறு, இதனை வேண்டித் தவங்கிடந்தோம்.

ஆயின் வந்த நீர் போகாமல் இருக்குமோ? ஒரு சிறு கணக்குப் பாருங்கள். இருநூறு வீடுகளும் ஆயிரம் மக்களும் உள்ள ஓர் ஊர். ஆளுக்கு 55 லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 55,000 லிட்டர் நீர் வரும். அதில் பத்தில் ஏழு பங்கு கழிநீராக வெளியேறும் என்று கொண்டால் 38,500 லிட்டர். நாள்தோறும் மூன்று பெரிய லாரித் தண்ணீரைத் தெருவிலே கவிழ்த்துவிட்டுப் போவதனோடு இஃது ஒக்கும். வருநீர்க்குத் திட்டம் வகுத்தோம், விழாவெடுத்தோம், கல்வெட்டும் நாட்டினோம். கழிநீர்க்கு என்ன வகுத்தோம்? தெருவின் சரிவு எப்பக்கமோ அப்பக்கம் போகட்டும் என்று விட்டுவிட்டோம். பள்ளத்தில் இருப்பது ஊருணி. ஊருணியின் கரையில் இருப்பது யாரோ ஒருவர் தெரு. யான் இன்று கூறவந்தது இவ்வொன்றே: நீர் வரும் வழியை வகுத்தவர் தாமே அது போகும் வழியையும் வகுத்தற்குக் கடமைப்பட்டவர்.

கழிநீரைப்பற்றி எண்ணுவது தமிழர்க்குப் புதிதன்று. திருக்குறளில் அவையறிதல் என்னும் அதிகாரத்திலே அங்கணம் என்னும் சொல் வந்துள்ளது. தென்பாண்டி நாட்டு வீடுகளில் பாத்திரம் துலக்கும் இடத்தை இன்றும் அங்கணம் என்றே வழங்குகின்றோம். சுருங்கை என்பது நிலத்தினுள் மறைந்து செல்லும் நீர்வழியைக் குறிக்கும் பழஞ்சொல். மணிமேகலையில் வஞ்சிமாநகரின் அகழியைக் கூறுமிடத்துச் சாத்தனார், மனைகளில் மகளிர் கூந்தல் கழுவிய நீர் சுருங்கைத் தூம்பின் வழியே சென்று அகழியிற் கலந்ததைச் சொல்கின்றார். நமக்கு அண்மையில் வையைக் கரையிலுள்ள கீழடியில் 2019-ஆம் ஆண்டில் நடந்த அகழாய்விலே சுடுமண் குழாய்களும் செங்கல் வடிகாலும் வெளிப்பட்டதைச் செய்தித்தாள்களிற் கண்டு மகிழ்ந்தோம்.

இவற்றைச் சொல்லிப் பெருமை கொள்வதோடு நின்றுவிடுதல் எளிது. ஆயின் கருத்தூன்றிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். வஞ்சியின் தூம்பு நீரைக் கொண்டுபோயிற்று. அகழியிலே கொண்டுபோய் விட்டது. கொண்டுபோதல் வேறு, தூய்மை செய்தல் வேறு. சந்தனமும் நறும்புகையும் கலந்த நீர்க்கு அகழி போதியதாயிருந்திருக்கலாம். இன்று நம் வீட்டு நீரிலே வழலைக்கட்டியும், சலவைத் தூளும், எண்ணெயும், கழிப்பறை நீரும் கலந்துள்ளன. இதனை வெறுமனே கொண்டுபோய் விடுவோமாயின் தீங்கு இடம் மாறுமேயன்றி ஒழியாது.

தீங்கு யாது என்பதனைச் சிறிது விளக்குவேன். கழிநீர் இருவகைப்படும். சமைத்தல், குளித்தல், துவைத்தல் ஆகியவற்றால் வருவது ஒன்று. இதனைச் சாம்பல்நீர் என்பர். கழிப்பறையினின்று வருவது மற்றொன்று. இதனைக் கருநீர் என்பர். சாம்பல்நீரில் உணவுத் துணுக்கும் எண்ணெயும் மிகுதி. அது குளத்தை அடைந்தால் நுண்ணுயிர்கள் அவ்வுணவை உண்டு பல்கும். பல்குங்கால் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை உட்கொண்டு தீர்த்துவிடும். பிராணவாயு தீர்ந்த நீரில் மீன் வாழாது; நீர் கறுத்து நாறும். தெருவிலே தேங்கிய அழுக்கு நீரிலே கியூலெக்ஸ் என்னும் கொசு முட்டையிடும். யானைக்கால் நோயைப் பரப்புவது அக்கொசுவே. கருநீரோ இதனினும் கொடியது. பேதி, நச்சுக்காய்ச்சல், மஞ்சட்காமாலை, குடற்புழு ஆகிய யாவும் மலத்தின் வழியே நீரையும், நீரின் வழியே வாயையும் அடைவன.

இலண்டன் மாநகரில் 1854-ஆம் ஆண்டு பிராட் தெரு என்னுமிடத்தில் வாந்திபேதி தோன்றி ஐந்நூற்றின் மேற்பட்டோர் மாண்டனர். ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் மாண்டவர் வீடுகளைப் படத்திலே குறித்து, அவருட் பெரும்பாலோர் ஒரே குழாய்க்கிணற்று நீரைக் குடித்தவர் என்று காட்டினார். பின்னர் ஆராய்ந்தபோது, அக்கிணற்றிலிருந்து மூன்றடி தொலைவிலே பழைய மலக்குழி ஒன்று கசிந்துகொண்டிருந்தமை தெரிந்தது. நம் ஊர்களில் கிணற்றுக்கும் குழிக்கும் இடையே எத்தனை அடி என்று இன்றிரவு வீடு சென்றதும் ஒவ்வொருவரும் அளந்து பார்க்க வேண்டுகின்றேன்.

இனி நம் கடற்கரைக்கே உரிய ஓர் இடர் உண்டு. மண்டபத்திலும் இராமேசுவரத் தீவிலும் கரையோர மணற்பாங்கான ஊர்களிலும் நிலத்தடியில் நன்னீர் எவ்வாறு இருக்கின்றது என்று அறிதல் வேண்டும். மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேலே, பாலின் மேல் ஆடைபோல மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறக்குறைய நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது கைபென், ஹெர்ஸ்பெர்க் என்னும் இருவர் கண்ட நெறி. மேலேயுள்ள அடியை அளவின்றி இறைத்தால் கீழேயுள்ள உப்பு மேலேறும்; இதனை நாம் பட்டறிந்துள்ளோம். மேலிருந்து அழுக்கை விட்டால் அதுவும் தடையின்றி அந்நன்னீரையே சேரும். மணல் நீரை விரைந்து உறிஞ்சும். நீர்மட்டமோ கைக்கெட்டும் ஆழம். ஆகலின் நம் மணலூர்களில் அடியில்லாத மலக்குழி தோண்டுவோன், தன் பாட்டி சிரட்டையால் முகந்த அதே ஊற்றிலே அதனைக் கலக்கின்றான்.

நிலத்தோடு இது நின்றுவிடுவதுமன்று. நமக்குத் தெற்கே இருபத்தொரு தீவுகளோடு கூடிய மன்னார் வளைகுடாக் கடலை 1986-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக வகுத்தனர். வடக்கே பாக்கு விரிகுடாவில் 448 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பை 2022-ஆம் ஆண்டில் ஆவுளியாவைக் காக்கும் பகுதியாக அறிவித்தனர். பவளப்பாறைக்குத் தெளிந்த நீர் வேண்டும். ஆவுளியா மேயும் கடற்புல்லுக்கு வெயில் எட்டும் நீர் வேண்டும். கழிநீரிலுள்ள உரச்சத்து மிகுந்தால் பாசி தழைத்துப் பவளத்தை மூடும். மீன் குஞ்சு வளரும் இடம் அது. அது கெடின் வலையெடுத்துச் செல்வார் வெறுங்கையோடு மீள்வர்.

இராமேசுவரத்தை எடுத்துக்கொள்வோம். 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி 45,000-க்குச் சற்றுக் குறைந்த மக்கள்தொகையுடைய நகரம். அதற்குமேல் நாள்தோறும் திரளும் யாத்திரிகர். அக்கினி தீர்த்தக் கடலிலே கழிநீர் கலக்கின்றதென்று நெடுநாள் முறையீடுகள் எழுந்தன; உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கும் நடந்தது; பாதாளச் சாக்கடைத் திட்டமும் வகுக்கப்பட்டது. கோயிலுக்குப் புறத்தேயுள்ள பழந்தீர்த்தங்கள் பலவற்றை விவேகானந்த கேந்திரத்தார் தூர்வாரிச் செப்பம் செய்தமை போற்றத்தக்கது. இவை நகரத்தின் செய்தி. நகரத்துக்கு முறையிடவும் வழக்கிடவும் ஆளுண்டு. ஆயிரம் பேர் வாழும் நம்மூர்க்குப் பாதாளச் சாக்கடை வரப்போவதில்லை, வரவேண்டுவதும் இல்லை. சிற்றூர்க்குச் சிறுவழிகளே தக்கன. அவ்வழிகளைச் செய்து காட்டியவர் உளர், அவரைப்பற்றிச் சொல்வேன்.

மகாராட்டிர மாநிலத்து நாந்தேடு மாவட்டத்தில் தெம்புர்ணி என்று ஒரு சிற்றூர். அவ்வூரார் தெருச் சாக்கடையை நம்பாமல், வீடுதோறும் ஒரு குழி வெட்டினர். கல்லும் சல்லியும் மணலும் பரப்பி, நடுவே துளையிட்ட தொட்டி ஒன்றை இறக்கி, வீட்டுச் சாம்பல்நீரை அதனுள் விட்டனர். அழுக்கு தொட்டியில் தங்கும். நீர் மண்ணிற் சுவறும். தெருவிலே தேங்குநீர் ஒழிந்தது, கொசுவும் குறைந்தது. பிறகு மாவட்ட ஆட்சியினர் அதனையே ஊர்தோறும் பரப்பினர். நம் மாவட்டத்திலும் உள்நாட்டு ஊர்களில், நீர்மட்டம் ஆழ்ந்துள்ள இடங்களில், இவ்வுறிஞ்சுகுழி மிகவும் ஏற்றது. ஆயின் ஒன்றை மறவற்க: அதிற் கழிப்பறை நீரை விடுதல் ஆகாது, ஊருணிக் கரையிலும், நீர்மட்டம் உயர்ந்த கடற்கரை மணலிலும் அதனைத் தோண்டலாகாது. ஓரிடத்து மருந்து மற்றோரிடத்து நஞ்சாகும்.

அங்ஙனமாயின் கடற்கரையார் செய்வது யாது? அதற்கும் விடை உண்டு. திருவனந்தபுரத்துக்கு அருகே புல்லுவிளை என்னும் மீனவர் ஊரில், 1990-களிலே, பால் கால்வெர்ட் என்னும் ஆங்கிலப் பொறியாளர் நிலத்துக்கு மேலே உயர்த்திக் கட்டிய கழிப்பறைகளை அமைத்தார். கடலோர மணல், கைக்கெட்டும் நீர், நெருங்கிய குடியிருப்பு, நம் கரையும் அதுவும் ஒன்றே. அக்கழிப்பறையில் மலம் ஓர் அறையில் விழும். சிறுநீரும் கழுவுநீரும் வேறு வழியே பிரிந்து செடிகளுக்குச் செல்லும். மலத்தின் மேல் சாம்பல் தூவுவர். ஓர் அறை நிறைந்ததும் அதனை மூடிவிட்டு மற்றோர் அறையைப் பயன்படுத்துவர். மாதங்கள் பல கழிந்தபின் திறந்தால் நாற்றமற்ற எருவே இருக்கும். நிலத்தடி நீரை அது தீண்டுவதேயில்லை.

தமிழ்நாட்டிலே காவிரியின் வடகரையில் முசிறியிலும், அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் ஸ்கோப் என்னும் தொண்டு நிறுவனம் இம்முறையைப் பரப்பிற்று. ஆற்றங்கரையாதலின் ஆங்கும் நீர்மட்டம் உயர்ந்தது. சாதாரணக் குழி மழைக்காலத்தில் நிரம்பி வழியும். முசிறிச் சாலியர் தெருவில் பொதுக் கழிப்பறை ஒன்றை இம்முறையிற் கட்டி, பயன்படுத்த வந்தவர்க்குச் சிறுகாசு கொடுத்தனர். கழிப்பறைக்குக் காசு கொடுத்துச் செல்வது உலக வழக்கம். காசு வாங்கிக்கொண்டு செல்வது முசிறி வழக்கம்! நகைப்பிற்கிடமாகத் தோன்றினும் இதன் உட்பொருள் ஆழமானது. மலமும் சிறுநீரும் எருவாதலின் அவற்றுக்கு விலையுண்டு என்பதனை அக்காசு ஒவ்வொரு நாளும் மக்களுக்கு உணர்த்திற்று.

பலர் கூடும் இடங்களுக்கு வேறொரு முறை உண்டு. புதுச்சேரிக்கு அருகே தவளக்குப்பத்திலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனை தன் கழிநீர் முழுவதையும் தன் வளாகத்திலேயே தூய்மை செய்து தோட்டத்துக்குப் பாய்ச்சுகின்றது. அங்குள்ள முறையில் பெரிய இயந்திரங்கள் இல்லை. முதலாவது, நீர் அசையாது நிற்கும் தெளிவுத் தொட்டி. கனத்தது அடியில் தங்கும், எண்ணெய் மேலே மிதக்கும். இரண்டாவது, தடுப்புச் சுவர்களால் பல அறைகளாகப் பகுத்த மூடிய தொட்டி; நீர் ஓர் அறையின் மேலிருந்து இறங்கி அடியின் வழியே மற்றோர் அறைக்கு ஏறி ஏறிச் செல்லும்; செல்லும்போது காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கை உண்டு கழிக்கும். மூன்றாவது, சல்லிக்கல் நிரப்பிச் செடி நட்ட படுகை. நாணல், கல்வாழை முதலியவற்றின் வேரிடையே நீர் மெல்ல ஊர்ந்து தெளியும். நான்காவது, வெயிலும் காற்றும் படுகின்ற திறந்த குளம். நான்கு படியும் கடந்த நீர் குடித்தற்கு ஆகாது. தென்னைக்கும் வாழைக்கும் நன்கு ஆகும். பள்ளமும் மேடும் அறிந்து கட்டினால் நீர் தன் எடையாலேயே ஓடும்.

இவ்வூர்களின் வரலாற்றையெல்லாம் யான் ஏன் தேடிப் படித்தேன் என்பதனை இனி உங்கள்முன் சொல்ல வேண்டும். இதுவே எனக்குக் கடினமான பகுதி.

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பு மாணாக்கர்க்கு "எங்கள் ஊருணி" என்று ஒரு கட்டுரை எழுதப் பணித்தேன். பெரும்பாலோர் வழக்கம்போலத் தாமரை பூத்ததையும், அன்னம் நீந்தியதையும் எழுதியிருந்தனர். நம்மூர் ஊருணியில் அன்னம் ஏது? கீழத்தெருவைச் சேர்ந்த மாணாக்கன் ஒருவன்மட்டும் கண்டதை எழுதியிருந்தான். "எங்கள் ஊருணியில் முகூர்த்த நாளுக்கு மறுநாள் நெய் மிதக்கும். அன்றைக்கு அம்மா துணி துவைக்கப் போகமாட்டார்கள். நாங்கள் மீன் செத்து ஒதுங்கியதைக் குச்சியால் எண்ணுவோம்" என்பது அவன் எழுதியது. அக்கட்டுரையில் ஒற்றுப்பிழை நான்கு இருந்தன. சிவப்பு மையால் அவற்றைத் திருத்திய என் கை, அந்த வரிக்கு வந்ததும் நின்றுவிட்டது.

அன்பர்களே! முகூர்த்த நாளில் அந்த ஊருணிக்கு நெய் எங்கிருந்து வரும்? நாம் அமர்ந்திருக்கும் இம்மண்டபத்திலிருந்தே வருகின்றது. பிற்பகல் பள்ளி விட்டதும் யான் இதன் பின்புறம் சென்று பார்த்தேன். அடுக்களை நீரும், பந்தியில் கைகழுவிய நீரும் ஒரே குழாயிற் சேர்ந்து, ஊருணிக்கு மழைநீர் வரும் வரத்துக்காலில் விழுகின்றன. கழிப்பறைத் தொட்டி நிரம்பினால் வழிவதும் அவ்வழியே. அடுத்த முகூர்த்த நாளன்று வாயிலில் நின்று எண்ணினேன்; பன்னீராயிரம் லிட்டர் கொள்ளும் லாரி இருமுறை வந்து நீர் இறக்கிச் சென்றது. இருபத்து நாலாயிரம் லிட்டர் நீர் ஒரு பகலிலே உள்ளே வந்தது. சமைத்ததும் குடித்ததும் போக எஞ்சியது பிறர் ஊருணிக்குப் போயிற்று.

கீழத்தெருவார் நம் மரபினர் அல்லர். அவர்கள் இதுபற்றி ஒருமுறை முறையிட வந்ததாகவும், "எந்நாளும் இப்படித்தானே நடக்கிறது" என்று நம்மவர் சொல்லியனுப்பியதாகவும் பின்னர் அறிந்தேன். அவ்வாறு சொன்னவரைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. என் மகளின் திருமணமும் இம்மண்டபத்திலேயே நடந்தது. அன்று யானும் பந்தியில் நெய்யை அள்ளி அள்ளி இடச்சொன்னேன். அந்நெய் எங்கே சென்றது என்று எண்ணவில்லை. வகுப்பிலே ஊருணி என்னும் சொல்லுக்கு ஊரார் உண்ணும் நீர்நிலை என்று பொருளுரைத்துவிட்டு வந்தவன் யான். ஒப்புரவுடையான் செல்வத்துக்கு வள்ளுவர் உவமையாகத் தேர்ந்தது ஊருணியை அன்றோ? அவ்வதிகாரத்தைப் பலமுறை கற்பித்தவன், தன் வீட்டு விருந்தின் கழிநீரை ஊருணியில் விட்டான். இதனை இவ்வவையிற் சொல்லாது மறைப்பேனாயின், அம்மாணாக்கன் முன் மீண்டும் நின்று பாடஞ்சொல்ல எனக்கு வாய் எழாது.

இன்னுமொன்று. கழிப்பறைத் தொட்டி நிறைந்தால் யாரை அழைக்கின்றோம்? ஊர்தியும் குழாயும் வாராத இடத்தில் இன்னும் மனிதரை உள்ளே இறக்குவோர் உளர். மூடிய தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு முதலிய நச்சுக்காற்று நிரம்பியிருக்கும். இறங்கினவன் ஓரிரு மூச்சிலே மயங்கி வீழ்வான். அவனைத் தூக்க இறங்கினவனும் வீழ்வான். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் காப்பின்றி மனிதரைக் கழிவுநீர்த் தொட்டியில் இறக்குவதைக் குற்றமாக்கியது. அவ்வாறு இறந்தார் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் கொடுக்க 2014-ஆம் ஆண்டில் ஆணையிட்ட உச்சநீதிமன்றம், 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது. உயிர்க்கு விலையில்லை, ஆயினும் சட்டம் எவ்வளவு கடுமையாகக் கருதுகின்றது என்பது இதனால் விளங்கும். இறங்குகின்றவர் எந்த மரபினர் என்பதும், இறக்குகின்றவர் எந்தெந்த மரபினர் என்பதும் நாம் அறியாததன்று. தன் மரபின் மேன்மையைப் பேசக் கூடும் சங்கம் ஒன்று, தன் மலத்தைப் பிற மரபினன் தலையிற் சுமத்துமாயின் அம்மேன்மை எங்கே நிற்கும்? தன் கழிவைத் தானே தூய்மை செய்துகொள்ளும் குலமே மேற்குலம் என்பேன். மற்றெந்த அளவுகோலும் எனக்கு உடன்பாடன்று.

சிலர் மறுப்புரைக்கலாம். "இஃது ஊராட்சியின் கடன், நம் கடன் அன்று" என்பர். தெருவும் வரத்துக்காலும் ஊராட்சியின் கடனே. பதினைந்தாம் நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுக்கு ஊராட்சிகளுக்கு வகுத்த மானியத்தில் அறுபது விழுக்காட்டைக் குடிநீர்க்கும் துப்புரவுக்குமே வரையறுத்தது. கேட்டுப் பெறவேண்டுவதை ஊரார் கேட்டுப் பெறுதல் முறை. ஆயின் மண்டபம் நம்முடையது, வாடகை வாங்குவது நாம், கழிநீர்மட்டும் ஊராட்சியினுடையதாமோ? "பெருஞ்செலவாகுமே" என்பர். முகப்பு வளைவுக்கென்று ஈராண்டாக நிதி திரட்டி வருகின்றோம். வளைவு இன்றி இத்தனை ஆண்டு மணங்கள் நடந்தன, இனியும் நடக்கும். "நீர் ஓடினால் தானே தெளிந்துவிடும்" என்பர். ஓடும் ஆற்றுக்கு அஃது ஓரளவு பொருந்தும். ஊருணி ஓடாது, வந்ததைத் தேக்கிவைப்பதே அதன் இயல்பு.

ஆகலின் பின்வருவனவற்றை இவ்வவை தீர்மானமாக ஏற்றுக்கொள்ள வேண்டுகின்றேன்.

முதலாவது, அடுத்த முகூர்த்தத்துக்கு முன்னரே அடுக்களைக் குழாயின் வாயிலில் நெய்யும் சோற்றுப் பருக்கையும் தடுத்து நிறுத்தும் ஒரு சிறு தொட்டி கட்டுதல். இரு கொத்தனார்க்கு ஒருசில நாள் வேலையே. ஒவ்வொரு விருந்தின் பின்னும் அதில் மிதக்கும் நெய்யை வழித்தெடுத்து எருக்குழியில் இடுவதை மண்டபக் காவலர் கடமையாக்கி, அதற்குத் தனியூதியம் கொடுத்தல்.

இரண்டாவது, வளைவு நிதியை இப்பணிக்கு மாற்றி, பொறியாளர் ஒருவரைக்கொண்டு நீர்மட்டம் அளந்து, யான் முன்கூறிய தெளிவுத் தொட்டியும், தடுப்பறைத் தொட்டியும், சல்லிப் படுகையும் மண்டபத்தின் பின்னுள்ள வெற்றிடத்தில் அமைத்தல். முகூர்த்த நாளில் ஒருங்கே வருவதும் மற்றை நாளில் வாராமையும் நம் மண்டபக் கழிநீரின் இயல்பாதலின், ஒருநாள் நீரைத் தாங்கிச் சிறிது சிறிதாக விடும் பெருந்தொட்டி ஒன்று முன்னே வேண்டும் என்பதைப் பொறியாளர்க்கு மறவாமற் சொல்லல் வேண்டும். தெளிந்த நீரை நம் தென்னைகளுக்கே பாய்ச்சலாம்.

மூன்றாவது, தொட்டியை எடுத்துத் துப்புரவு செய்ய வேண்டுங்கால் ஊர்தியும் இயந்திரமுமே வரவேண்டும். எக்காரணத்தாலும் மனிதர் இறங்கலாகாது என்று மண்டப விதிகளில் எழுதிச் சுவரிற் பொறித்தல். அவ்வூர்தி அள்ளியதை ஓடையிலே கவிழ்க்காமல் உரிய நிலையத்திலே சேர்த்ததற்குச் சீட்டுப் பெறுதல்.

நான்காவது, உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் சாம்பல்நீரையும் கருநீரையும் பிரித்தல். முன்னதை முருங்கைக்கும் வாழைக்கும் விடுதல்; தாய்மார்கள் மனம்வைத்தால் இஃது ஒரு வாரத்தில் நடந்துவிடும். புதிதாக வீடு கட்டுவோர் அடியில்லாக் குழியை விடுத்து, உள்நாட்டிலாயின் மாறி மாறிப் பயன்படுத்தும் இரட்டைக் குழியையும், கரையோரத்திலாயின் புல்லுவிளை முறையையும் கைக்கொள்ளல்.

ஐந்தாவது, இதுவே தலையாயது: நம் தலைவரும் செயலாளரும் கீழத்தெருவுக்கு நேரிற் சென்று, நிகழ்ந்ததற்கு வருத்தம் தெரிவித்து, ஊருணியைத் தூர்வாரும் பணியில் நம் பங்கை ஏற்றுக்கொள்ளல். தொட்டிகள் செவ்வனே நடக்கின்றனவா என்று பார்க்கும் குழுவில் அத்தெருவார் இருவரை உறுப்பினராக அழைத்தல். ஏனெனின் நம் தூய்மைக்குச் சான்று நாம் சொல்லுதல் அன்று; ஊருணிக் கரையில் நிற்பவர் சொல்லுதலே சான்று.

பெரியோர்களே! நம் பாட்டிமார் ஒரு குடம் நீருக்குக் காத்திருந்த காலத்தில் அவர்கள் பிறர் நீரைக் கெடுத்தாரல்லர். வறுமையிலே காத்த அறத்தை வளத்திலே நாம் கைவிடலாகாது. விருந்தோம்பல் இலை போடுவதில் தொடங்குகின்றது. கைகழுவிய நீர் பிறர்க்குத் தீங்கின்றி மண்ணிற் சேரும்போதே முடிகின்றது. செயலாளர் அவர்கள் கட்டளையிட்ட பொருளிலேயே யான் பேசி முடித்தேன் என்று கொள்ள வேண்டுகின்றேன்.

வருகின்ற ஆண்டும் எட்டாம் வகுப்பு மாணாக்கர்க்கு அதே தலைப்பையே கொடுக்க எண்ணியிருக்கின்றேன். கீழத்தெருப் பிள்ளைகள் என்ன எழுதுவார்கள் என்பது இவ்வவையின் கையில் இருக்கின்றது.